அடமா, மெல்ட்டவுனா?

ஆட்டிசம் உள்ள பிள்ளை நாலு பேர் நடுவில் தரையில் விழுந்து கத்தத் தொடங்கினால், காதில் விழும் வசனங்கள் எல்லாருக்கும் தெரிந்தவைதான். ‘செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்காங்க.’ ‘ரெண்டு போடு போட்டா அடங்கிடுவான்.’ ‘எங்க காலத்துல இப்படியா இருந்தோம்?’ சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பார்க்க அடம் மாதிரியே இருக்கிறது, அதனால் அடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது அடம் இல்லை, தாங்க முடியாமல் பிள்ளை நிலைகுலைந்துபோவது. ஆட்டிசம் உள்ள வீடுகளில் இதற்கு மெல்ட்டவுன் என்று பெயர். ஆட்டிசத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளத்தான் நேரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

அதற்கு முன் ஆட்டிசத்தை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு அது. பேச்சு, பிறரோடு பழகுவது, பழக்கங்களில் இருக்கும் பிடிப்பு, ஒளி, ஒலி, தொடுதலை உணரும் விதம் எல்லாவற்றிலும் அது தெரியும். ஐந்து வயதில் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கும் ஆட்டிசம் இருக்கலாம். அதே வயதில் எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி வரை ரயில் நிற்கும் ஊர்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைக்கும் இருக்கலாம். தொற்றாது. தடுப்பூசியால் வருவதும் இல்லை. அப்படி ஒரு சந்தேகத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சரி, அடத்துக்கும் மெல்ட்டவுனுக்கும் என்ன வித்தியாசம்?

அடத்துக்கு ஒரு குறி உண்டு. பொம்மை வேண்டும், போன் வேண்டும், வீட்டுக்குப் போகக் கூடாது. கத்துகிற பிள்ளை நடுநடுவே ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். அம்மா அடுத்த அறைக்குப் போனால் அழுகையும் பின்னாலேயே போகும். கேட்டது கைக்கு வந்ததும் பட்டென்று நிற்கும். தலையைத் தரையில் மோதுவதுபோல் பாவனை செய்தாலும் வலிக்காத மாதிரி பார்த்துக்கொள்ளும்.

மெல்ட்டவுனில் இது எதுவும் நடக்காது. ஐஸ்கிரீமைக் கையில் கொடுத்தால் அது சுவரில் போய் ஒட்டும். யாரும் பார்க்காவிட்டாலும் அழுகை நிற்காது. கையைக் கடித்துக்கொள்ளும், நெற்றியில் உண்மையாகவே அடிபடும், ஓடினால் வண்டி வருவது தெரியாமல் ஓடும். மற்ற நேரத்தில் நன்றாகப் பேசும் பிள்ளைக்குக்கூட அப்போது வார்த்தை வராது. முடிந்த பிறகு காய்ச்சல் விட்ட மாதிரி துவண்டு தூங்கிவிடும். என்ன நடந்தது என்று பிறகு கேட்டால் பல பிள்ளைகளுக்குச் சரியாக நினைவு இருப்பதில்லை. சில பிள்ளைகளுக்கு நினைவு இருக்கும். வெட்கப்பட்டு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருக்கும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும் அடம் பிடிப்பார்கள், பிள்ளைகள்தானே. அடமாகத் தொடங்கி மெல்ட்டவுனாக மாறுவதும் உண்டு. எது என்று குழம்பினால் மெல்ட்டவுன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கட்சி. அடத்தை மெல்ட்டவுன் என்று நினைத்துவிட்டால் ஒரு சாக்லேட் நஷ்டம். மெல்ட்டவுனை அடம் என்று நினைத்து அடித்துவிட்டால், தாங்க முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அந்த வலியும் சேர்ந்துகொள்ளும்.

ஏன் வருகிறது

1943-இல் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர், பால்டிமோரில் தான் பார்த்த 11 பிள்ளைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் பற்றிய பேச்சு உலகெங்கும் பரவக் காரணமான கட்டுரை அது. அந்தப் பிள்ளைகளை எவையெல்லாம் பீதியடைய வைத்தன என்று அதிலேயே ஒரு பட்டியல் உண்டு: வாக்வம் கிளீனர், லிஃப்ட், ஊஞ்சல், குழாயில் ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி, சில நேரம் வெறும் காற்றுகூட. எல்லாம் சத்தம் போடுகிற, அசைகிற பொருள்கள். ஆனால் புலன் உணர்வு கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு வெளிப்படையாகச் சேர்த்தது 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான். இடையில் 70 ஆண்டுகள். அதில் ஒரு பெரும்பகுதி அம்மாக்களைக் குற்றம் சொல்லியே கழிந்தது. பாசம் காட்டாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹைம் போன்ற நிபுணர்கள் அடித்துப் பேசினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, அதை எதிர்த்து ஆட்டிசத்தின் காரணம் உடலில் இருக்கிறது என்று எழுதினார். நம் ஊரில் அந்தப் பழைய குற்றச்சாட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது: ‘அம்மா வேலைக்குப் போனதாலதான்’, ‘செல்லைக் கையில குடுத்ததாலதான்.’

புலன் உணர்வு என்றால் என்ன என்று புரிந்துகொள்ள, ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். வாசலிலேயே பன்னீரும் சந்தனமும். உள்ளே மல்லிகைப்பூ வாசனையோடு வத்தக்குழம்பு வாசனை. புதுப் பட்டுப்பாவாடையின் ஜரிகை இடுப்பில் உரசுகிறது. வீடியோக்காரரின் லைட் முகத்துக்கு நேரே. எதிரே வரும் பெரியம்மா கன்னத்தைக் கிள்ளி, ‘என்னை யாருன்னு சொல்லு பார்ப்போம்’ என்கிறார். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். நமக்கு அந்த இரைச்சல் கொஞ்ச நேரத்தில் பின்னால் போய்விடும்; பக்கத்தில் இருப்பவரின் பேச்சு மட்டும் முன்னால் வரும். ஆட்டிசம் உள்ள பலருக்கு எதுவுமே பின்னால் போவதில்லை. பாத்திரம் உருளும் சத்தம், ஃபேன் சத்தம், பெரியம்மாவின் கேள்வி எல்லாம் ஒரே உயரத்தில் வந்து விழும். அந்த நேரம் பார்த்து கெட்டிமேளம். தவிலும் நாதஸ்வரமும் உச்சத்துக்குப் போகின்றன, அட்சதை தலையில் விழுகிறது, பிள்ளை அலறிக்கொண்டு ஓடுகிறது. ‘மேளத்துக்குப் பயப்படுறான்’ என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

மேளம் கடைசியாக வந்தது, அவ்வளவுதான். ஏசி, கீசர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் மிக்ஸியைப் போட்டதும் எம்சிபி ஸ்விட்ச் ட்ரிப் ஆகி கரண்ட் போனால் நாம் மிக்ஸியைத் திட்டுவதில்லை. லோடு அதிகம் என்று தெரியும். எதையும் அணைக்காமல் ஸ்விட்சை மறுபடி தூக்கிவிட்டால் மறுபடி விழும் என்பதும் தெரியும். நேற்று இதே மிக்ஸி ஓடியதே என்று கேட்பதில் அர்த்தம் இல்லை, நேற்று கீசர் ஓடவில்லை. ‘போன வாரம் இதே கடைக்குச் சமத்தா வந்தானே, இன்னிக்கு நடிக்கிறான்’ என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்குதான் பதில்.

லோடு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. முந்தின இரவு தூக்கம் கெட்டிருக்கலாம். ஆட்டிசம் உள்ளவர்களில் தூக்கப் பிரச்சினை மிகச் சாதாரணம். மலச்சிக்கல் இருக்கலாம். பல்வலி இருக்கலாம். பசிக்கிறது, வலிக்கிறது, சிறுநீர் வருகிறது என்று உடம்பு அனுப்பும் சேதி சிலருக்குத் தெளிவாகப் போய்ச் சேர்வதில்லை. என்னவோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். பேசாத பிள்ளை திடீரென்று நாள்தோறும் தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினால், தெரப்பி மாற்றுவதற்கு முன் காது, பல், வயிறு மூன்றையும் டாக்டரிடம் காட்டுங்கள். வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் மாதவிலக்கு நாளையும் காலண்டரில் குறித்துப் பாருங்கள்.

எதிர்பாராத மாற்றமும் ஒரு லோடுதான். பள்ளிக்கூட வேன் வேறு தெரு வழியாகப் போவது, வழக்கமான மிஸ் லீவு, நீல டம்ளர் கழுவப் போட்டிருப்பது. நமக்கு இது அற்பம். எந்த நேரம் எது வந்து தாக்கும் என்று தெரியாத உலகத்தில், மாறாமல் இருக்கும் சில விஷயங்களைப் பிடித்துக்கொண்டு நடப்பவருக்கு அற்பம் இல்லை.

இன்னொன்று, பெற்றோர்களைக் கலங்கடிப்பது: ‘ஸ்கூல்ல தங்கமா இருக்கான்னு மிஸ் சொல்றாங்க, வீட்டுக்கு வந்ததும் நாலே காலுக்கு ஆரம்பிச்சிடுறான்.’ உடனே பழி வீட்டின் மேல் விழும். நடப்பது வேறு. பெல், கூச்சல், அடுத்தவன் முழங்கை இடிப்பது எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏழு மணி நேரம் தாங்கியிருக்கிறான். தன் இயல்பை மறைத்து மற்றவர் மாதிரி நடந்துகொள்வதை மாஸ்கிங் என்பார்கள். பயமில்லாத இடம் வந்ததும் அது கழன்று விழுகிறது. இவர்களுக்கு மாலையில் முதல் ஒரு மணி நேரம் டியூஷன், கேள்வி, ‘டிபன் பாக்ஸ் ஏன் காலியாகலை’ எதுவும் இல்லாமல் விட்டுப் பாருங்கள். தின்ன ஏதாவது, சட்டை மாற்றம், மங்கலான அறை போதும். அடுத்து ஸ்பீச், அடுத்து ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரப்பி), அடுத்து ஸ்விம்மிங் என்று தெரப்பியை அடுக்கி வைத்தால் அதுவும் லோடுதான், நல்ல எண்ணத்தில் ஏற்றிய லோடு.

வருவதற்கு முன்னால், வந்த பிறகு

சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது என்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை, நமக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒருவன் சட்டைக் காலரை மெல்லுவான். ஒருத்தி ‘வீட்டுக்கு எப்போ போறோம்’ என்று ஒரே கேள்வியை ஒரே ராகத்தில் கேட்பாள்; பதில் சொன்னாலும் கேட்பாள். காதைப் பொத்துவது, முனகல், கை உதறுவது கூடுவது, காது மடல் சிவப்பது. பெரும்பாலான அம்மாக்களுக்கு இது தெரியும், சுற்றியிருப்பவர்கள் ‘ஒண்ணும் ஆகாது, இருங்க’ என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். எழுந்து வெளியே போக வேண்டிய நேரம் அதுதான்.

கையை உதறுவது, முன்னும் பின்னும் ஆடுவது, சுற்றுவது இவற்றை ஸ்டிம்மிங் என்கிறார்கள். இதைத் தடுக்க வேண்டும் என்று நினைக்கும் பள்ளிக்கூடங்கள் இன்னும் இருக்கின்றன. ‘ஹேண்ட்ஸ் டவுன்’ என்று கையை மேஜைமேல் வைத்து அழுத்துவார்கள். உள்ளே ஏறுகிற பதற்றத்தை அந்தப் பிள்ளை தானாகவே இறக்கிக்கொள்ளும் வழி அது. தனக்கோ பிறருக்கோ காயம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். பார்க்க விசித்திரமாக இருக்கிறது என்பது பார்ப்பவரின் சிரமம்.

மெல்ட்டவுன் வந்தேவிட்டால் செய்ய வேண்டியது குறைவு. பேச்சைக் குறையுங்கள். ‘என்ன வேணும், என்ன ஆச்சு, சொன்னாத்தானே தெரியும்’ என்று நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு சத்தம். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும், மற்றவர்கள் நகரட்டும். லைட், டிவி, ஃபேன், எது முடியுமோ அதை அணையுங்கள். கூர்மையான, கண்ணாடியான பொருள்களை எடுத்துவிடுங்கள். தலை மோதும் இடத்தில் தலையணை வையுங்கள். ரோட்டில் ஓடும் ஆபத்து இல்லையென்றால் பிடித்து அமுக்க வேண்டாம், கண்ணைப் பார் என்று முகத்தைத் திருப்ப வேண்டாம். இறுக்கமான அணைப்பு சிலருக்கு நிம்மதி தரும். ஆட்டிசம் உள்ள கால்நடை விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின், மாடுகளை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் கூண்டில் அவை அமைதியாவதைப் பார்த்து, தன்னை அழுத்திக்கொள்ள 18 வயதில் ஒரு பெட்டியே செய்துகொண்டார். அதில் கவனிக்க வேண்டியது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி அவர் கையிலேயே இருந்தது. இன்னொருவர் திடீரென்று கட்டிப்பிடித்தால் அதே உடம்புக்குத் தாங்காது. அதனால் எது பிடிக்கும் என்பதை அமைதியான நாளில் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம்? சிலருக்குச் சில நிமிடம், சிலருக்கு மணிக்கணக்கு. முடிந்ததும் விசாரணை வேண்டாம். தண்ணீர், தூக்கம். சாரி சொல்லவைப்பது, ‘மானத்தை வாங்கிட்டே’ என்பது இரண்டும் வேண்டாம்.

பிறகு ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், இடம், முந்தின இரவுத் தூக்கம், சாப்பிட்டது, கடைசி அரை மணியில் நடந்தவை. கொஞ்ச நாளில் ஒரு ஒழுங்கு தெரியும். வியாழக்கிழமைதோறும் வருகிறது என்றால் வியாழக்கிழமை பள்ளியில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும். அன்றைக்கு பேண்டு வாத்தியப் பயிற்சி ஜன்னலுக்கு வெளியே நடக்கலாம். இந்த நோட்டு, டாக்டரிடமும் தெரப்பிஸ்டிடமும் நீங்கள் கொண்டுபோகக்கூடிய மிக உபயோகமான பேப்பர்.

லோடைக் குறைப்பது எப்படி என்பதற்கு ஒரு உதாரணம், முடிவெட்டுவது. பல வீடுகளில் இது மாதாந்திர யுத்தம்; கோயிலில் மொட்டை என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு சலூன்காரர் இந்த மாதிரிப் பிள்ளைகளை செவ்வாய்க்கிழமை மதியம் வரச் சொல்வார். செவ்வாயன்று யாரும் முடிவெட்ட மாட்டார்கள், கடை காலியாக இருக்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். பாட்டு கிடையாது, டிரிம்மர் கிடையாது, கத்தரி மட்டும். கழுத்தில் துணி கட்டுவதில்லை, பழைய சட்டையோடு வந்தால் போதும் என்பார். தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில் பையன் கையில் இருக்கும், அவனே அடித்துக்கொள்வான். ‘இன்னும் பத்து வெட்டு’ என்று சொல்லி, சத்தமாக எண்ணி, பத்தில் நிறுத்துவார். பதினொன்றாவது வெட்டு ஒருபோதும் இல்லை. முடியவில்லையா, பாதித் தலையோடு போய் அடுத்த வாரம் வரலாம். இவர் எந்தக் கோர்ஸும் படித்தவர் இல்லை.

மற்றதெல்லாம் இதே தர்க்கம்தான். சட்டை லேபிளை வெட்டிவிடுவது. தீபாவளிக்கும் மண்டபத்துக்கும் காதை மூடும் இயர் மஃப். கல்யாணத்துக்கு முகூர்த்தம் வரை உட்காராமல், முதல் பந்தியில் சாப்பிட்டுக் கிளம்புவது, கோபித்துக்கொள்ளும் சித்தப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது. ‘இப்போ பல் தேய்க்கிறோம், அப்புறம் வண்டி’ என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை. வாயால் சொன்னது காற்றில் போய்விடும், அட்டை அங்கேயே இருக்கும். பேசாத பிள்ளைக்கு ‘போதும்’, ‘வெளியே போகணும்’ என்று சொல்ல ஒரு வழி கட்டாயம் வேண்டும். படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலி சென்னையில் உருவானதுதான், தமிழிலும் பேசும். செயலியைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் பல தாத்தா பாட்டிகளுக்கு உண்டு. அது தேவையற்ற பயம்.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டிசத்துக்கு மருந்து இல்லை. கடுமையான எரிச்சலும் தன்னைக் காயப்படுத்துவதும் தொடரும்போது ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளைக் குழந்தை மனநல மருத்துவர்கள் தருவதுண்டு. எடை கூடுவது போன்ற பக்கவிளைவுகளைக் கவனித்துக்கொண்டே தர வேண்டியவை. ‘முழுசா குணப்படுத்துறோம்’ என்று சொல்லிப் பணம் கேட்பவர்களிடமிருந்து மட்டும் விலகி வந்துவிடுங்கள்.

பெரியவர்கள்

நாலு வயதுப் பிள்ளை பதினெட்டு வயது ஆகும், ஐம்பதும் ஆகும். மெல்ட்டவுனும் கூடவே வரும், வடிவம் மாறி. தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்ற வழி அப்பாவை விட உயரமாக வளர்ந்தவரிடம் செல்லாது. சிறு வயதிலேயே ‘பிரேக் வேணும்’ என்று சொல்லவும், தானாக எழுந்து போகவும் பழகியிருந்தால் அது அப்போது கைகொடுக்கும். கட்டுப்பட மட்டுமே பழகியிருந்தால் கைகொடுக்காது.

பலருக்கு அது வெளியே வெடிக்காமல் உள்ளுக்குள் அணைந்துபோகும். ஷட்டவுன் என்பார்கள். மீட்டிங் நடுவே ஒருவர் பேச்சு நின்று, கேள்விக்குப் பதில் வராமல், சுவரைப் பார்த்தபடி இருப்பார். திமிர் என்று எழுதிவிடுவார்கள். பெண்களில் பலர் முப்பது, நாற்பது வயதுவரை தங்களுக்கு ஆட்டிசம் என்று தெரியாமலே இருக்கிறார்கள். ‘அமைதியான பொண்ணு’ என்ற நல்ல பெயருக்குள் அது மறைந்துவிடுகிறது. ஆபீஸில் எட்டு மணி நேரம் மாஸ்கிங், வீட்டில் விருந்தாளிகள், ஒரு நாள் சமையலறையில் குக்கர் விசில் அடித்ததும் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அவருக்கு வேண்டியது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ஓரமான ஒரு சீட், ஹெட்போன் போட அனுமதி, வாயால் சொல்வதை மெயிலில் எழுதித் தருவது.

ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆட்டிசம் உள்ளவருக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோமே, நமக்கும் அவரைப் புரியவில்லையே. இடைவெளி இருபக்கமும் இருக்கிறது, பாலம் கட்டும் வேலையை ஏன் ஒரு பக்கத்திடமே விடுகிறோம் என்று. ஷட்டவுனைத் திமிர் என்று படிப்பதைவிட அதற்கு நல்ல சாட்சி வேண்டாம்.

காகித வேலையையும் விட்டுவிடாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டை வாங்கி வையுங்கள். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்ற சான்று இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. 18 வயது ஆனதும் பெற்றோர் தானாகவே சட்டப்படியான பாதுகாவலர் ஆவதில்லை, தேவைப்படுபவருக்கு அதே சட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் நிப்மெட் நிறுவனத்திலோ கேட்கலாம்.

கடைசியாக, உங்கள் வீட்டில் ஆட்டிசம் இல்லை, ரயிலில் எதிர் சீட்டில் ஒரு பிள்ளைக்கு மெல்ட்டவுன் என்று வையுங்கள். போனை எடுத்து வீடியோ பிடிக்காதீர்கள். பிஸ்கெட்டை நீட்டாதீர்கள், ‘மாமா போலீஸ்’ என்று மிரட்டாதீர்கள். வேடிக்கை பார்க்க வருபவர்களை நகர்த்தி விடலாம். அந்த அம்மாவின் பையையோ இன்னொரு குழந்தையையோ பார்த்துக்கொள்ளலாம். மெதுவான குரலில் ஒரே ஒரு முறை, ‘ஏதாவது செய்யட்டுமாம்மா?’ என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்ளுங்கள்.